கொள்ளுத்தாத்தாவின் ‘சு’

‘சு இன்று தாழ்ந்துவிட்டது. மனம் சரியில்லை.’

‘இந்த மழையிலும் சு அசையவில்லை. நிம்மதி.’

‘சு நிலைத்த பிறகே ஊருக்குப் போவேன்.’

யார் இந்தச் சு? சுந்தரியா... சுசீலாவா? கடல் கடந்து ரயில் பாதை போடப் போன எஞ்சினியர் கொள்ளுத்தாத்தா திரும்பவே இல்லை. வந்து சேர்ந்தது இந்த நோட்டு மட்டும். அங்கே ஒருத்தியோடு குடும்பம் நடத்தினார் என்று வீடே முடிவு கட்டியது. போன மாதம் கண்மூடிய அப்பாவின் கடைசிப் பேச்சும் அதுதான். “அந்தச் சு யாருன்னு பாரும்மா... ரயில்காரனை மட்டும் நம்பிடாதே.”

ரயில்வேயின் பழைய பதிவேட்டு அறையில் அவள் நோட்டை விரித்திருந்தாள். அதன்மேல் சொட்டென்று தண்ணீர்!

“குடையை மடக்கத் தெரியாதா?”

“மடக்கினதாலதாங்க கொட்டுச்சு...”

நிமிர்ந்தாள். மழையில் கொஞ்சத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டது போல் இரண்டு கண்கள்... தண்டவாளப் பராமரிப்பு எஞ்சினியராம். ரயில்காரன்! கைக்குட்டையால் ஈரத்தை ஒற்றியவன் வரிகளைப் படித்துவிட்டான்.

“காதல் கடிதமா?”

“எங்க குடும்பத்து மானக்கேடு. போதுமா?”

அவன் முகம் சுருங்கியது. அடுத்த சனிக்கிழமை தூரத்து மேசையில் உட்கார்ந்து ஏதோ பதிவேடு புரட்டினான். அதற்கடுத்த சனிக்கிழமை அவன் வர நேரமானது. அவள் கண்கள் அந்த நாற்காலியையே தேடின... சீ, என்ன இது என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். ஆனாலும் அவன் வந்ததும் நோட்டை அவன் பக்கம் தள்ளியது அவள்தான்.

“அங்கங்கே ‘ரு’ன்னு இருக்கே?”

“அது ருக்மிணியாம். அத்தை சொல்வாங்க. ஒருத்தி போதாதுன்னு...”

சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். “தாழ்ந்தா ரு... சரியானா சு... ஏங்க, இது பேரே இல்ல. பழைய தமிழ் எண். ரு அஞ்சு, சு ஆறு!”

இரண்டு பென்சில்களை மேசையில் வளைவு போல வைத்தான். “வளைவுல வண்டி வெளிப்பக்கம் தள்ளும். அதனால வெளித் தண்டவாளத்தை உள்ளதைவிட ஒசத்தி வைப்போம். இவர் வளைவுக்கு ஆறு அங்குலம். மழையில மண் அமுங்கினா அதுவும் இறங்கிடும். மறுபடி அடியில ஜல்லியைக் குத்தி இறுக்கி ஏத்தணும்.”

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ‘ரு’தான் இருந்தது. சு கடைசிவரை நிலைக்கவே இல்லை; அதனால்தான் அவர் ஊருக்குத் திரும்பவில்லை.

“பொம்பளையே இல்லையா...” நோட்டை மூடினாள். “கொள்ளுப்பாட்டி அவர் பேரைக்கூடச் சொல்லாம செத்தாங்க. அப்பாகிட்ட சொல்ல ஒரு மாசம் தாமதமாயிடுச்சே...”

வெளியே மழை பெய்தபடியே இருந்தது. பென்சில்களை எடுத்து வைத்தபடி அவன் சொன்னான்.

“அடுத்த மாசம் நானும் வெளிநாடு போறேன். மூணு வருஷ வேலை. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... ஆனா வந்துடுவேன், காத்திருங்கன்னு இந்த நோட்டை வச்சுக்கிட்டு எப்படிங்க சொல்றது?”

ரயில்காரனை நம்பாதே... பாவம் அப்பா, ஓர் எண்ணைக் கண்டு பயந்திருக்கிறார்.

“சொல்லாதீங்க,” என்றாள் கண்ணைத் துடைத்தபடி. “எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா காத்திருக்க மாட்டேன்.”

“அப்போ...?”

“நாளைக்கு வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட முறையா பொண்ணு கேளுங்க. ரெண்டு டிக்கெட் எடுங்க.”