மூடியைத் திறந்துட்டுப் பத்த வைங்க

"கையை எடுங்க."

அஜ்மல் திரும்புவதற்குள் ஒரு கை குறுக்கே பாய்ந்து சிலிண்டரின் தலையில் இருந்த திருகை மூடிவிட்டது. மணிக்கட்டு வரை இறக்கிவிட்ட நீலச் சட்டைக் கை. வளையல் இல்லை.

நிமிர்ந்தான். தலையில் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தாள். அதற்குள்ளே இரண்டு கண்கள்... மழைக்கு முந்தைய கடல் மாதிரி கறுத்துக் கொந்தளித்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்களைப் பற்றி அவன் யோசித்ததெல்லாம் பிறகுதான். அந்த நிமிடம் வந்தது எரிச்சல் மட்டுமே.

"இன்னாம்மா நீ... யாரு நீ? வந்ததும் வராததுமா என் சிலிண்டர்ல கை வைக்கிற?"

"முதல்ல தள்ளி வாங்க. அப்புறம் சண்டை போடலாம்."

அவள் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தப் பெரிய பார்பிக்யூ கிரில்லின் மூடியைத் தூக்கினாள். உள்ளே அடைந்து கிடந்த கேஸ் நாற்றம் குப்பென்று வெளியே வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பூபாலன் பலகையோடு எழுந்து நான்கடி பின்னால் போனான்.

"எவ்ளோ நேரமா இத டிக்கு டிக்குனு அமுக்கிகினு கீறீங்க?"

"பத்தல. கடல் காத்து அணைச்சிகினே இருந்துது. அதான் மூடியப் போட்டு..."

"மூடியப் போட்டுப் பத்த வெச்சீங்களா." அவள் சவுக்குத் தோப்பைக் காட்டினாள். "இன்னும் ஒருவாட்டி அமுக்கியிருந்தா மூடி அங்க போய் வுழுந்திருக்கும். உங்க மூஞ்சிய நாங்க தேடிகினு இருப்போம்."

அஜ்மலின் வீட்டில் மூடி போடுவதுதான் தொழில். செங்கல்பட்டில் மொய்னுதீன் பாய் பிரியாணி என்றால் கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே ஆள் சொல்லிவிடுவார்கள். அண்டாவுக்கு மாவு ஒட்டி, மூடி போட்டு, மூடிமேல் தணல் அள்ளிக் கொட்டி... தம் உடைக்கிற வரை யாரும் திறக்கக் கூடாது. நடக்கப் பழகின நாளிலிருந்து "மூடுறா, மூடுறா" என்று கேட்டு வளர்ந்தவன். அந்தப் பழக்கத்தில் அவன் கை தன்னாலேயே கிரில்லையும் மூடிவிட்டது.

"நாங்க மூணு தலைமுறையா நெருப்புல நிக்கிறவங்க, தெரியுமா?"

"நாலாவது தலைமுறை வேணும்னா மூடியத் திறந்துட்டுப் பத்த வைங்க."

பூபாலன் சிரித்துவிட்டான். வாரத்தில் ஆறு நாள் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவன், ஞாயிற்றுக்கிழமை நண்பனுக்காகக் கரண்டி பிடிப்பவன். "மச்சான், வாங்கிக் கட்டிகினியா?" என்றவன் அவள் பக்கம் திரும்பினான். "சிஸ்டர் பேரு இன்னா?"

"அலீனா. இந்த கிரில்லு வாடகைக்கு வந்த கோவளம் கடையிலேர்ந்து வரேன். எங்க ஆளு ரெகுலேட்டர் பைய வண்டியிலயே விட்டுட்டான். அதக் குடுத்துட்டு, செட்டும் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேன். இங்க வந்து பாத்தா..." குனிந்து பார்த்தாள். கண்கள் மறுபடியும் கறுத்தன. "இன்னாது, பிரியாணி அடுப்பு ரெகுலேட்டர மாட்டி வெச்சுக்கீறீங்க? இது தள்ளுற வேகத்துக்கு இந்த அடுப்பு தாங்குமா?"

"அடுப்புன்னா அடுப்புதான..."

"அப்ப ஸ்கூட்டருக்கு லாரி டயரு மாட்டுங்க."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நெற்றியில் முடி ஈரமாக ஒட்டிக் கிடந்தது. வெயிலில் வேலை செய்கிறவளின் முகம், மூக்கு நுனி மட்டும் சிவந்து... அஜ்மல் வேறு பக்கம் பார்த்தான். பார்க்க வேண்டிய பக்கம் எது என்று தெரியாமல் பார்த்தான்.

வீணாகக் கோபப்படவில்லை அவன். இன்றைக்கு அவனுக்கு எல்லாமே இந்த ஒரு விருந்துதான். நாவலூரில் வேலை பார்க்கும் வாசுதேவன், தங்கை ஸ்வாதியின் நிச்சயதார்த்தத்துக்காக மாமல்லபுரம் போகிற சாலையில் இந்தக் கடற்கரை வீட்டை எடுத்திருந்தார். பிரியாணியோடு கிரில் மீனும் வேண்டும் என்றார். தெரியும் சார் என்று அஜ்மல் சொல்லிவிட்டான். பெற்ற அத்தாவே கையை உதறினார். "தெரியாத நெருப்ப ஒத்துக்கினு வந்துட்டியா? போ. கெடுத்துட்டு வந்து காலம் பூரா என் அண்டாவத் தேய்." அவன் பெயரில் வந்த முதல் ஆர்டர். இது சரியாகப் போனால் தனியாக நிற்கலாம். இல்லையென்றால் அண்டா.

"கேஸ் கலையட்டும். அதுவரைக்கும் இடத்த மாத்துவோம்," என்றாள் அலீனா.

கிரில்லை அவன் கீற்றுப் பந்தலுக்குள் வைத்திருந்தான். மேலே காய்ந்த ஓலை. அவள் மேலே பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மூவருமாகத் திறந்தவெளியில், சமமான சிமெண்ட் தரைக்கு உருட்டிப் போனார்கள். சிலிண்டரை அடுப்புக்கு அடியில் திணிக்காமல் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள். டியூப் மடங்கவில்லையா, சூட்டில் படாதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிரியாணி ரெகுலேட்டரைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். தான் கொண்டுவந்ததை மாட்டினாள்.

"தீப்பெட்டி குடுக்கவா... லீக் பாக்க?" என்றான் அஜ்மல், உதவுகிற மாதிரி.

அவள் அவனையே பார்த்தாள். "நிஜமாத்தான் கேக்குறீங்களா?"

"எங்க அத்தா அப்படித்தான் பாப்பாரு..."

"உங்க அத்தாவக் காப்பாத்த துவா செய்றவங்க நெறைய பேரு போல. பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி கொண்டாங்க."

கிண்ணத்தில் நுரை கலக்கி, சிலிண்டரைத் திறந்து, இணைப்புகளில் பூசினாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஓர் இடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள்... ஒன்று பெரிதாகி, வானவில் காட்டி, உடைந்தது.

"பாத்தீங்களா, மாஸ்டர். இங்கதான் ஒழுகுது."

பார்த்தான். அவள் இமையில் தெறித்திருந்த ஒரு சொட்டு நுரையையும் பார்த்தான். சொல்லலாமா... சொன்னால் திட்டுவாளா...

அவள் கேஸை மூடி, இணைப்பை மறுபடி இறுக்கி, கேஸைத் திறந்து மறுபடி பூசினாள். குமிழி இல்லை. கேஸை மூடி, கிரில் மூடியைத் திறந்து வைத்து, பிறகு சிலிண்டரைத் திறந்து, ஒரே ஒரு பர்னரைத் திருகி அமுக்கினாள். நீலமாக, அடக்கமாக, வரிசையாக எரிந்தது தீ. அஜ்மலுக்கு நெஞ்சில் எங்கோ அதே மாதிரி ஒன்று...

அப்போதுதான் வாசுதேவன் வந்தார். "அஜ்மல், எனி ப்ராப்ளம்? யார் இவங்க? உங்களுக்கு கிரில் தெரியும்னு சொன்னீங்களே?"

பின்னால் விருந்தாளிகள் நாலு பேர். அஜ்மலின் காது சூடேறியது.

"தெரியும் சார். இது கடைப் பொண்ணு. சாமான் குடுக்க வந்துது. கிளம்பிடும்."

வந்துது... கிளம்பிடும். வாயை விட்டுப் போன பிறகுதான் அவனுக்கே கேட்டது. அலீனா சோப்புக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். அதுதான் அவனைச் சுட்டது.

"கிளம்பிடுறேன், மாஸ்டர். ஒன்னு மட்டும். மழை வந்தா கேஸ மூடிட்டு வுட்டுடுங்க. யாரு சொன்னாலும் பந்தலுக்குள்ள இழுக்காதீங்க."

திரும்பிப் பார்க்காமல் போனாள்.

"இன்னா மச்சான் நீ," என்றான் பூபாலன். மீனுக்கு மசாலா தடவப் போய்விட்டான்.

வஞ்சிரம் கிரில்லில் ஏறி, ஒரு பக்கம் சிவந்து, பந்தலில் இருந்தவர்கள் மோப்பம் பிடித்துத் தட்டோடு எழுந்த நேரம், ஐப்பசி மழை கடலில் இருந்து நேராக நடந்து வந்தது. முதலில் அலைமேல் ஒரு வெள்ளைத் திரை... பிறகு மணலில் ஆயிரம் குழி... பிறகு எல்லோர் தலையிலும்.

அஜ்மல் சிலிண்டரை மூடினான்.

"ஏன் நிறுத்துறீங்க? உள்ள இழுங்க," பந்தலுக்குள்ளிருந்து வாசுதேவன் கத்தினார். "இவ்ளோ இடம் இருக்கே."

"வேணாம் சார். மேல ஓலை. சுத்தி ஜனம். மழை விட்டதும் பண்ணித் தரேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தட்டைப் பிடிச்சுட்டு நிக்கிறாங்க. ரெண்டு நிமிஷ வேலை. தொழில் தெரிஞ்சவர்தானே நீங்க?"

அஜ்மல் மழையில் நின்றான். மாப்பிள்ளை வீட்டார் முகங்கள் எல்லாம் அவனைப் பார்த்தன. இழுத்துவிட்டால் முடிந்தது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். அவன் பெயர் நிற்கும். மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு பெண்... அப்படித் திருப்பிப் பழக அவளுக்கு என்ன நடந்திருக்கும்...

"தெரியாது சார்," என்றான்.

"என்ன?"

"இந்த அடுப்பு எனக்குத் தெரியாது. தெரியும்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். காலையில தப்பா பத்த வெச்சு, இங்கயே செத்திருப்பேன். அந்தப் பொண்ணுதான் ஓடியாந்து நிறுத்துனாங்க. அவங்கள நான் சாமான் குடுக்க வந்ததுன்னேன். அவங்க பந்தலுக்குள்ள இழுக்காதன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்க இன்னா சொன்னாலும் நான் இழுக்க மாட்டேன்."

மாப்பிள்ளை வீட்டாரின் தட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

அடுப்பை விட்டுப் போக மனமில்லாமல் கேட் ஓரத்திலேயே தங்கி, தகரக் கூரையின் கீழே மழைக்கு ஒதுங்கி ஸ்கூட்டரோடு நின்றிருந்த ஒருத்திக்கும், மழைக்கு மேல் அவன் கத்திச் சொன்னது கேட்டது. அவள் ஹெல்மெட்டை மாட்டப் போனாள். மாட்டவில்லை. தனக்காக யாரும் எல்லோர் முன்னாலும் இப்படித் தோற்றதில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

அஜ்மல் காத்திருக்கவில்லை. அரைவேக்காட்டு மீனை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால், பிரியாணிக்குத் தம் போட்ட விறகடுப்புக் கொட்டகைக்கு ஓடினான். பிரியாணித் தணல் மிச்சம் இருந்தது. தோசைக்கல்லைப் போட்டான். அந்த நெருப்பு அவனுடைய நெருப்பு. மீன் கரகரவென்று வந்தது. பூபாலன் நனைந்துகொண்டே பந்தலுக்கும் கொட்டகைக்குமாகத் தட்டு சுமந்தான். வாசுதேவன் முகத்தை இறுக்கிக்கொண்டே ஒரு துண்டைப் பிட்டார். பேசாமல் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

மழை ஓய்ந்தது. கொட்டகை வாசலில் யாரோ நிற்பது தெரிந்து அஜ்மல் நிமிர்ந்தான். இமையெல்லாம் மழைத்துளி... இந்த முறை கறுப்பு இல்லை அந்தக் கண்ணில்.

"இறால் இன்னும் பாக்கி கீதுன்னு பூபாலன் அண்ணே சொன்னாரு," என்றாள். "பத்த வைக்கலாமா?"

"நீங்களே..."

"நீங்க வைங்க. நான் பாக்குறேன்."

எல்லோர் முன்னாலும் அவன் மூடியைத் திறந்தான். கிரில்லின் அடித்தட்டில் தேங்கின மழைத்தண்ணீரையும் கொழுப்பையும் வழித்து எடுத்தான். சிலிண்டரைத் திறந்து சோப்பு நுரை பூசிப் பார்த்தான். பர்னரைத் திருகினான். நீலம். அவள் தலையை ஆட்டினாள், மாணவனைப் பார்க்கிற மாதிரி இல்லாமல்.

விருந்து முடிந்தது. முதலில் சிலிண்டர், பிறகு மற்றத் திருகுகள் என்று அவன் கேட்காமலே மூடினான். வாசுதேவன் கிளம்பும்போது, "அடுத்த மாசம் கல்யாணம். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆள்தான் எனக்கு வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வண்டியில ஏத்தலாமா?" என்றான் பூபாலன்.

"ஆறாம தூக்கக் கூடாது," என்றாள் அலீனா.

பூபாலன் இருவரையும் பார்த்தான். "நான் போய் டீ குடிச்சிட்டு வரேன். மெதுவா ஆறட்டும்."

ஈர மணலில் சாயங்கால வெயில் மஞ்சளாகக் கிடந்தது. இருவருக்கும் நடுவில் சூடான அடுப்பு. நனைந்த சட்டைக் கையை அவள் பிழிந்தபோது முழங்கை வரை ஏறியது. மணிக்கட்டுக்கு மேலே தொடங்கி, தோல் சுருங்கி, பளபளவென்று ஒரு பெரிய தழும்பு. அவன் பார்த்ததைப் பார்த்துச் சட்டென்று இறக்கினாள்.

"இதே மாதிரி ஒரு விருந்து," என்றாள், கடலைப் பார்த்துக்கொண்டு. "மூடியப் போட்டுப் பத்த வெச்சவரு தள்ளிப் போயிட்டாரு. நான் தட்டோட பக்கத்துல நின்னேன்... பொண்ணு பாக்க வந்தாங்க. டீ குடுக்கும்போது கையப் பாத்தாங்க. டீயக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. அதுலேர்ந்து முழுக்கை சட்டைதான்."

அஜ்மல் தன் சட்டைக் கைகளை மடித்தான். ஒரு மடிப்பு... இரண்டு மடிப்பு... தோள்பட்டை வரை. கைகளை அவளுக்கு முன்னால் நீட்டினான். அண்டா விளிம்பு சுட்ட கோடுகள். கொதி நெய் தெறித்த புள்ளிகள். தணல் விழுந்த வட்டம்.

"இது பதினஞ்சு வயசுல. இது ஒரு ரம்ஜான்ல. எங்க அத்தாவுக்கு மார் வரைக்கும் கீது. எங்கம்மாவுக்கு ரெண்டு கையிலயும். எங்க வூட்டுல தழும்பு இல்லாத கையே கிடையாது அலீனா. அதப் பாத்துட்டு டீயக் குடிச்சிட்டுக் கிளம்பிப் போறவங்க எங்க வூட்டுல யாரும் இல்ல."

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். நெடுநேரம். பிறகு மெல்ல, அவளாகவே, தன் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"மூடி வெச்சுப் பத்த வைக்கிறது தப்புன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றான். "அதான் திறந்தே சொல்லிடுறேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. ஹெல்மெட்டோட ஓடியாந்தீங்களே... அப்பவே. எங்கம்மா ஜெய்புன்னிசா. அவங்கள உங்க வூட்டுக்கு அனுப்பட்டுமா?"

அவள் பதில் சொல்லாமல் கிரில்லின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஆறிடுச்சா?" என்றான், பயந்துபோய்.

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணில் தொடங்கி முகமெல்லாம் பரவியது அது.

"ஆறிடுச்சு. ஆனா பூபாலன் அண்ணன்கிட்ட சொல்லாதீங்க," என்றாள். "அம்மாவ வரச் சொல்லுங்க, அஜ்மல். டீ நானே போடுறேன்... அரைக்கைச் சட்டையில."