காற்றில்லாத மாலையில் எரிந்த விளக்கு

மீன் கூடையை மாடிப்படிக்குக் கீழேயே வைத்துவிட்டுத்தான் அங்காளம்மா மேலே ஏறி வந்தாள். நாற்றம் யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாதாம். பெற்ற பிள்ளையைப் போலீசில் ஒப்படைக்கப் போகிறார்கள் என்று பதறி ஓடிவந்தவளுக்கு, அந்த நேரத்திலும் அடுத்தவர் மூக்கைப் பற்றிய கவலை இருந்தது. குப்புராஜுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. இந்தம்மாவின் பிள்ளை தப்பு செய்திருக்க மாட்டான் என்று அவன் அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

முடிவு கட்டுவதில் குப்புராஜ் எப்போதுமே வேகம். மேற்குத் தாம்பரத்தில் மருந்துக்கடை மாடியில் ஜெயப்ரியா துப்பறியும் அலுவலகம் வைத்த நாள்முதல் அவளுக்கு ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். வண்டி ஓட்டுவதைவிடத் துப்பு துலக்குவதில்தான் ஆசை. நாற்பத்தெட்டு வயதில் வந்த ஆசை என்பதால் கொஞ்சம் அதிகம்.

"உக்காருங்கம்மா. முதல்ல தண்ணி குடிங்க," என்றாள் ஜெயப்ரியா.

"தண்ணி எறங்காதும்மா. எம் புள்ள சக்தியக் கரண்ட்டு திருடன்றாங்கோ. சாயங்காலம் எஸ்.ஐ. வர்றாராம். எழுதிக் குடுத்துட்டா உள்ளதான்னு வாட்ச்மேன் சொல்றாரு. நான் மீன் குடுக்கிற காலனிம்மா அது. இன்னிக்கு ஒரு வூட்லயும் கதவு தொறக்கல."

மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் இருக்கிறது அந்தக் காலனி. அங்கே தண்ணீர்த் தொட்டியின் மேல் போன வருஷம் சின்னதாக ஒரு காற்றாலை வைத்தார்கள். வாங்கச் சொன்னதும், மாட்டியதும், பார்த்துக்கொள்வதும் எலெக்ட்ரீஷியன் சக்திதான். காற்றாலையிலிருந்து வரும் மின்சாரம் தொட்டிக்குக் கீழே இருக்கும் பிள்ளையார் கோயிலின் ஒரே ஒரு பல்புக்குப் போகிறது.

"அதையே பாதிப் பேரு நம்பலம்மா. 'இது கரண்ட் குடுக்குதா, காக்கா ஓட்டுதா'ன்னு கலாய்ப்பாங்கோ. சக்தி சிரிச்சிகினே போயிருவான். இப்போ காத்தே அடிக்காதப்போ லைட்டு எரிஞ்சிதாம். இவன்தான் திருட்டு ஒயர் குடுத்திருக்கான்றாங்கோ. அன்னிக்கு அவன் எங்கூட கோவளத்துல எம் பொண்ணு வூட்டு விசேஷத்துல இருந்தாம்மா!"

"முன்னாடியே ஒயர் மாட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு கேப்பாங்க," என்றாள் ஜெயப்ரியா மெதுவாக.

அங்காளம்மாவின் முகம் சுருங்கியது. "நீயும் அப்டித்தான் நெனைக்கிறியாம்மா?"

"நான் இன்னும் ஒண்ணுமே நெனைக்கலம்மா. வாங்க, போய்ப் பார்ப்போம்."

கூடையைக் குப்புராஜே தூக்கி ஆட்டோவில் வைத்தான். சேலையூர் தாண்டுவதற்குள் அவனுடைய துப்பு துலங்கிவிட்டது. "மேடம், இது அந்த வாட்ச்மேன் வேலைதான். வாட்ச்மேன்னாலே எனக்கு டவுட்டு."

"ஏண்ணா, போன கேஸ்ல பால்காரர்னு சொன்னீங்களே."

"அது அந்த கேஸ் மேடம்."

காலனி வாசலில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பிரசன்னா காத்திருந்தான். மென்பொருள் கம்பெனியில் வேலை, முப்பத்தைந்து வயதிருக்கும். தூக்கம் இல்லாத கண்கள். அவனைப் பார்த்ததும் பிடிக்கக் கூடாது என்று குப்புராஜ் தீர்மானித்திருந்தான். ஆனால் அவன் முதலில் செய்த காரியம், வெயிலில் நின்ற அங்காளம்மாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டது. குப்புராஜுக்குக் குழப்பமாகிவிட்டது.

"நான் வீணா பழி போடல மேடம்," என்றான் பிரசன்னா. "ஒரு டெஸ்ட் வெச்சேன். அந்த லைட்டுக்கு இருந்த பேட்டரியைக் கழட்டி சர்வீசுக்கு அனுப்பிட்டோம். இனிமே காத்து அடிச்சாத்தான் எரியணும், இல்லையா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு இலை அசையல. ஆனா லைட் எரிஞ்சிருக்கு."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல. மொத்தக் காலனியும் குரோம்பேட்டையில ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தோம். நான் ஆபீஸ்லேருந்து நேரா ட்ரெயின்ல போயிட்டிருந்தேன். நாகலக்ஷ்மி மாமி மட்டும்தான் இங்கே. தினமும் சாயங்காலம் கோயில்ல உட்கார்ந்து ஸ்லோகம் சொல்லுவாங்க. லைட்டைக் கொஞ்சம் கவனிச்சு சொல்லுங்க மாமின்னு கேட்டிருந்தேன். போன் பண்ணிச் சொன்னாங்க. பொய் சொல்ற மனுஷி இல்ல மேடம், யாரை வேணா கேளுங்க."

தன் செல்போனில் காலனி குரூப்புக்கு அன்று அனுப்பிய செய்தியைக் காட்டினான். 'காத்து சுத்தமா இல்ல. ஆனா லைட் எங்கேயோ ஏறிடுச்சாம். மாமி நேர்ல பார்த்திருக்காங்க. இவ்வளவு நாள் நம்மளை ஏமாத்தியிருக்காங்க.'

"மாமி சொன்ன வார்த்தையே இதுதானா?"

"கிட்டத்தட்ட. ட்ரெயின் சத்தம் வேற. மாமி பேசறது கொஞ்சம் பழைய தமிழ், நான் நாக்பூர்ல வளர்ந்தவன். ஆனா அர்த்தம் புரிஞ்சுது. மறுநாள் எல்லார் முன்னாடியும், 'நீங்க போன்ல சொன்னது நிஜம்தானே மாமி'ன்னு கேட்டேன். 'சத்தியம்'னாங்க. அப்புறம்தான் தேடினோம். ஒயர் கிடைச்சுது."

கோயிலின் பின்சுவரில் மோட்டார் அறையிலிருந்து ஓர் ஒயர் வந்து தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் இரண்டு செம்புக் கம்பிகள். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஜெயப்ரியா கம்பி நுனியைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"அண்ணா, இது என்னன்னு பாருங்க."

"சுண்ணாம்பு மேடம். காஞ்சி ஒட்டிகினு கீது."

"கோயிலுக்கு எப்போ வெள்ளை அடிச்சீங்க?" என்று வாட்ச்மேன் பாலுவிடம் கேட்டாள்.

"பொங்கலுக்கு மேடம். மார்கழியில சீரியல் பல்பு கட்டினாங்க. அதுக்கப்புறம் அடிச்சதுதான்."

ஜெயப்ரியா சந்நிதியின் முன்னால் குனிந்தாள். கல்படியில் வட்டமாக ஒரு கரி, பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் சொட்டு. கோயில் என்றால் எண்ணெய் இருக்காதா என்று குப்புராஜ் நினைத்துக்கொண்டான்.

"பாலு, வெள்ளிக்கிழமை மாமியைப் பார்த்தீங்களா?"

"நான் முன்னாடி கேட்டுல இருந்தேன் மேடம். அங்கேருந்து கோயில் தெரியாது. நடுவுல மாமி வந்து, தீப்பெட்டி கீதான்னு கேட்டாங்க. குடுத்தேன். கற்பூரத்துக்காக இருக்கும்."

சங்க அறையின் மூலையில் சக்தி உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது. அம்மாவைக் கண்டதும் எழுந்தான். பிறகு யாரோ அதட்டியதுபோலத் தானே உட்கார்ந்துவிட்டான். அது குப்புராஜால் பார்க்க முடியாததாக இருந்தது.

"இந்தக் காற்றாலை எவ்வளவு கரண்ட் தரும் சக்தி?" என்றாள் ஜெயப்ரியா.

"நல்லா காத்து அடிச்சா ரெண்டு பல்பு எரியும் மேடம். அடிக்கலைன்னா ஒண்ணும் கிடையாது. மொதல் நாளே சொன்னேன். விக்க வந்தவங்க பத்து வூட்டுக்கு வரும்னாங்க. எல்லாரும் அத்தத்தான் ஞாபகம் வெச்சிருக்காங்க."

அடுத்தது நாகலக்ஷ்மி மாமியின் வீடு. நெற்றியில் பளிச்சென்று குங்குமத்தோடு கதவைத் திறந்தவள், ஆட்டோக்காரன் என்று பாராமல் குப்புராஜுக்கும் மோர் கொடுத்தாள். அவனுக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இந்த நல்ல மனுஷி சொன்ன ஒரு சொல்தான் அந்தப் பையனை உள்ளே தள்ளப்போகிறது.

"நான் சொன்னது சத்தியம். பகவான் சந்நிதியில நடந்ததை மாத்திச் சொல்லுவேனா?" என்றாள் மாமி. "ஆனா பாவம்மா அந்தப் பிள்ளை. விளக்கு அப்படி ஆனதுக்கு அவன் என்ன பண்ணுவான்? இதுக்குப் போய்ப் போலீஸ் எதுக்கு? நானும் பிரசன்னாகிட்ட சொல்லிப் பார்த்தேன், கேக்கமாட்டேங்கறான்."

"குரூப்புல பிரசன்னா என்ன எழுதினார்னு படிச்சீங்களா மாமி?"

"எனக்கேதுடிம்மா அந்தப் போனெல்லாம்? என்னுது பட்டன் போன்." பிறகு புழுக்கத்துக்குப் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "சின்மயி, சுவாமி விளக்கைக் குளிரப் பண்ணிடு. ஃபேன் போடணும்."

மருமகள் பூஜை அறைக்குள் போனாள். ஜெயப்ரியா கையிலிருந்த மோரை முழுவதும் குடித்தாள். வெளியே வந்ததும், "முடிஞ்சுது அண்ணா," என்றாள்.

"யாரு மேடம்? வாட்ச்மேனா?"

"யாருமே இல்ல."

சப்-இன்ஸ்பெக்டர் மோகன்ராஜ் சொன்னபடி வந்துவிட்டார். கோயிலுக்கு எதிரே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். காலனியே கூடியிருந்தது. புகார் தயாராக இருந்தது. பிரசன்னாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. சக்தியைக் கொண்டுவந்து நிறுத்தியதும், "கரண்ட் திருடி சாமியையே ஏமாத்தினவன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அங்காளம்மா மகனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம்," என்றாள் ஜெயப்ரியா.

"சொல்லுங்க. தப்பான ஆளை ஏத்திட்டுப் போக எனக்கும் ஆசை இல்ல."

"காத்து இல்லாம காற்றாலை லைட் எரியாது. எரிஞ்சுதுன்னா ரெண்டுல ஒண்ணுதான். வேற எங்கேருந்தோ கரண்ட் வந்திருக்கணும். இல்லைன்னா லைட் எரியவே இல்லை." கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்த ஒயரைப் பாருங்க சார். கம்பி நுனியில சுண்ணாம்பு மூடியிருக்கு. மார்கழி சீரியல் பல்புக்கு இழுத்ததை அப்படியே விட்டுட்டாங்க. அது மேலேயே வெள்ளை அடிச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை அந்த ஒயரை எதுலயாவது முறுக்கியிருந்தா சுண்ணாம்பு உதிர்ந்து செம்பு பளபளன்னு தெரியும். பொங்கலுக்கு அப்புறம் அதை யாரும் தொடலை."

"அப்போ மாமி பொய் சொன்னாங்களா?" என்றான் பிரசன்னா.

"இல்ல. மாமி சொன்னது சத்தியம். ஆனா அன்னிக்கு அவங்க பாலுகிட்ட தீப்பெட்டி கேட்டிருக்காங்க. படியில அகல் வெச்ச கரி இருக்கு. பல்பு ஜெகஜ்ஜோதியா எரியும்போது யாராவது அகலுக்கு அலைவாங்களா? நீங்க எல்லாரும் அவங்களைக் கேட்டது, 'சொன்னது நிஜமா'ன்னு. 'என்ன சொன்னீங்க'ன்னு ஒருத்தரும் கேக்கலை. மாமி, அன்னிக்குப் பிரசன்னாகிட்ட சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

மாமி எழுந்து நின்றாள். "விளக்கு மலையேறிடுத்துன்னு சொன்னேன்."

வயதானவர்கள் சிலர் 'அடடா' என்றார்கள். பிரசன்னா மட்டும் விழித்தான். "ஆமா. அதான். மலை ஏறின மாதிரி பிரைட்டா..." சொல்லிக்கொண்டே வந்தவன், சுற்றியிருந்த முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அதுக்கு நேர் எதிர் அர்த்தம் பிரசன்னா," என்றாள் ஜெயப்ரியா. "சாமி விளக்கை அபசகுனமா சொல்லக் கூடாதுன்னு அப்படிச் சொல்லுவாங்க. வீட்டு விளக்கையே மாமி குளிரத்தான் பண்ணுவாங்க."

"இதெல்லாம் ஒத்துக்க முடியாது," என்றது பின்னாலிருந்த அதே குரல். "காத்தாலையைக் காப்பாத்த ஆளாளுக்கு அர்த்தம் சொல்றாங்க. மலையேறிடுச்சுன்னா இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்."

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். "அம்மா, எனக்கு ஒரே வார்த்தை வேணும். நீங்க வந்தப்போ எரிஞ்சுதா?"

"வந்தப்போ லேசா எரிஞ்சுண்டுதான் இருந்தது..."

"அப்போ எரிஞ்சதுன்னு எழுதிக்கலாமா?"

"இல்லை, அப்புறம் அந்தக் கொஞ்சக் காத்தும் நின்னு... குளிர்ந்துடுத்து."

"பல்பு எப்படிம்மா குளிரும்?" யாரோ சிரித்தார்கள். "தெளிவா சொல்லுங்க."

மாமியின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. அவள் தவிப்பு குப்புராஜுக்குப் புரிந்தது. கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்தச் சொல்லை அவள் வாயில் ஏற்றியதில்லை. வெறும் அடுப்புக்குக்கூடச் சொன்னதில்லை. இப்போது சாமிக்கு எதிரிலேயே, சாமி விளக்கைப் பற்றியே சொல்லச் சொல்கிறார்கள். அவள் பிள்ளையாரைப் பார்த்தாள். பிறகு சக்தியையும், அவன் சட்டையைப் பிடித்திருந்த அந்தக் கையையும் பார்த்தாள். அவரவர் வளர்ந்த விதத்தில் எத்தனையோ ஆசாரங்கள். அவற்றையெல்லாம் விட ஒரு பிள்ளையின் நல்ல பேர் பெரியது என்று அந்தக் கணத்தில் அவளுக்கு யார் சொன்னார்களோ, அந்தப் பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

"அணைஞ்சுடுத்து," என்றாள் மாமி. காலனி முழுவதும் கேட்கும்படி இன்னொரு முறையும் சொன்னாள். "விளக்கு அணைஞ்சே போயிடுத்து. இருட்டுல நான்தான் அகல் ஏத்தினேன். இந்தப் பிள்ளை ஒரு தப்பும் பண்ணலை."

சொல்லிவிட்டுப் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எஸ்.ஐ. பேனாவை மூடினார். கையெழுத்தாகாத புகாரைப் பிரசன்னாவிடமே நீட்டி, "வெச்சுக்குங்க," என்று மட்டும் சொன்னார்.

பிரசன்னா நேரே சக்தியிடம் போனான். "ஸாரி சக்தி. அந்த மெசேஜை இப்பவே அழிச்சிடறேன்."

"அழிக்காதீங்க சார்," என்றான் சக்தி. "அத்தப் படிச்சவங்க எல்லாரும் இத்தையும் படிக்கணும். அதுக்குக் கீழயே எழுதுங்க. மாமி சொன்னதையே, தமிழ்ல எழுதுங்க."

பிரசன்னா அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தொடங்கினான். பாதியில் விரல் நின்றது.

"மாமி, அது... ரெண்டு சுழி 'ன'வா, மூணு சுழி 'ண'வா? இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்களேன்."

"போடா! சொன்னதுக்கே பிள்ளையார்கிட்ட மன்னிப்புக் கேட்டுண்டு நிக்கறேன். இன்னொரு தடவையாம்!"

முதலில் சிரித்தது அங்காளம்மாதான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்போதும் அவள் மகனின் சட்டையை விடவில்லை.