நாடி எழுபத்திரண்டு

நிலோஃபர் பச்சைத் திரையை விலக்கி உள்ளே போனபோது நோயாளி ஏற்கெனவே கட்டிலில் படுத்திருந்தாள். அதுதான் முதல் உறுத்தல். சாய்ப்ரியா எதற்கும் நேரத்துக்கு வந்தவளே அல்ல. சொந்த அக்கா கல்யாணத்துக்கே பந்தி முடிந்துதான் போய்ச் சேர்ந்தாள்.

போத்தனூரில் இருந்த அந்த நர்சிங் பள்ளியில், பழகுவதற்கென்று ஒரு பொம்மை இருந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷ மழையில் கூரை ஒழுகி அதன் கழுத்து கழன்றுபோனது. அன்றிலிருந்து டியூட்டர் ரங்கநாயகி, மாணவிகளையே முறை வைத்து நோயாளியாகப் படுக்கவைத்தார். பொம்மைக்கு வலிக்காது, பெண்களுக்கு வலிக்கும், ஆகவே படிப்பு சீக்கிரம் ஏறும் என்பது அவர் கணக்கு. பரீட்சை முடிவில் நோயாளியைக் கேட்டுத்தான் தேறினாளா இல்லையா என்று சொல்வார். இன்றைய நோயாளிக்குத் தலையில் அடி, முகம் முழுக்கக் கட்டு, நினைவில்லை. நடிக்க வேண்டியவள் சாய்ப்ரியா.

நிலோஃபருக்கு இது இரண்டாவது தடவை. போன தடவை நாடி கிடைக்கவில்லை என்று உள்ளதைச் சொல்லித் தவறினாள். இதிலும் தவறினால் கோட்டைமேட்டில் அத்தா அப்துல் மஜீத், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேதி சொல்லிவிடுவார்.

நினைவில்லாதவரிடமும் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது அங்கே விதி.

"ஏனுங்க, நாடி பாக்கறேனுங்க."

மதுக்கரைப் பக்கத்து சிமெண்ட் தூசி அப்பிய சன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. ரயில்வே யார்டில் சரக்கு வண்டிகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் தரை வழியாக ஏறி வந்து கட்டில் காலில் தங்கியது. டெட்டால் நெடிக்கு அடியில், நாள்பட்ட ஈரச் சாக்கைப் பிரித்ததுபோல வேறொரு வாடை மெதுவாகக் கிளம்பியது. நெஞ்சுவரை இழுத்துவிட்ட போர்வை அசையவே இல்லை. என்னமாய் மூச்சை அடக்குகிறாள் என்று நிலோஃபர் மெச்சிக்கொண்டாள்.

மணிக்கட்டைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. சாய்ப்ரியாவுக்கு அங்கே தொட்டால் கூச்சம். நெளிந்து சிரித்து மானத்தை வாங்கிவிடுவாள். இந்தக் கை நெளியவில்லை.

விரலை வைத்துப் பார்த்தாள். நகர்த்திப் பார்த்தாள். அழுத்தினாள்.

நாடி இல்லை.

"எத்தனை அம்மணி?" திரைக்கு அப்பாலிருந்து ரங்கநாயகி கேட்டார்.

நாடி கிடைக்காத நர்சிங் பெண்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு எண் உண்டு. உலகத்தில் பாதி நோயாளிகள் அந்த எண்ணில்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எழுபத்திரண்டுங்க மேடம்."

விரலுக்கடியில் ஒரு துடிப்பு.

ஒன்றே ஒன்று. பிறகு இன்னொன்று. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. தன் விரல் நுனி மரத்துக்கொண்டு வருவதை அவள் கவனிக்கவில்லை.

ரங்கநாயகி வழக்கம்போல நோயாளியைக் கேட்டார், இந்தப் பிள்ளை எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று.

கட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல.

"நல்லாப் பாத்துக்கறாங்க. எனக்கு இந்த அம்மணியே போதுமுங்க."

டியூட்டர் சிரித்தார். மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாயா, குரலே மாறிப்போச்சே என்றார். நிலோஃபர் பாஸ் என்றார்.

அவளுக்குக் கண் நிறைந்தது. கையை எடுக்கப் போனாள்.

வரவில்லை. நோயாளியின் கை எப்போது திரும்பியதென்று தெரியவில்லை. மூன்று விரல்கள் அவள் மணிக்கட்டின் மேல் இருந்தன. பாடத்தில் உள்ளபடி, கட்டைவிரல் படாமல்.

வராந்தாவில் செருப்புச் சத்தம். கதவு திறந்தது.

"மன்னிச்சுக்கோங்க மேடம். பஸ்ஸு ரயில்வே கேட்டுல நின்னுபோச்சுங்க. இன்னும் கட்டே போடலீங்க."

சாய்ப்ரியா.

டியூட்டரின் நாற்காலி கிரீச்சிட்டது.

நிலோஃபர் கத்த வாயைத் திறந்தாள். காற்று வரவில்லை. இடது கையைத் தூக்கித் தன் கழுத்தில் வைத்தாள். தாடைக்குக் கீழே. இன்னும் கொஞ்சம் கீழே. அழுத்தினாள்.

ஒன்றும் இல்லை.

கட்டிலில், போர்வை நெஞ்சருகே மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.