கடைசி ஆளின் விசில்

மணற்காட்டுச் சவுக்கந்தோப்பின் ஓரத்தில் வான் வந்து நின்றபோது வெயில் இன்னும் ஏறவில்லை. நடைக் கழகத்து ஆட்கள் இறங்கித் தொப்பிகளைச் சரிசெய்தார்கள், குப்பை பொறுக்கும் சாக்குகளை உதறினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். சாரதி சிமியோன் வானை நிழலில் விட்டு, தேங்காய்ப்பூத் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு சாய்ந்தார். எல்லாரும் இறங்கட்டும் என்று காத்திருந்து, சஜீதா கடைசியாக இறங்கினாள்.

அன்றைக்கு அவள்தான் வால்.

கழகத்தில் அப்படித்தான் சொல்வார்கள். முன்னுக்குப் போகிறவர் தலை, எல்லாருக்கும் பின்னால் வருகிறவர் வால். ஓரிடத்தில் நின்று புறப்படுமுன் தலை நீளமாக ஒரு விசில் ஊதவேண்டும். வால் இரண்டு குட்டி விசில் ஊதி மறுமொழி சொல்லவேண்டும். அது கேட்காமல் ஒருவரும் கால் எடுத்து வைக்கக்கூடாது. இந்த ஒழுங்கை எழுதியவர் கழகத் தலைவர் நோர்மன். அதை மிதித்தவரும் அவர்தான் என்று சஜீதா இந்த ஒரு வருடமாக மனதுக்குள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம் இதே மணலில் வாலாக வந்தவன் அவளுடைய நானா, கூடப்பிறந்த மூத்தவன் சப்ரான். கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக் முழுவதையும் ஒரே சாக்கில் அடைத்து, இழுத்துக்கொண்டு பின்னால் வந்தான். வெளிநாட்டு விருந்தினருக்கு வல்வெட்டித்துறையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததாம். நோர்மன் ஊதினார். பிறகு, “கேட்டது, வானை எடுங்கோ” என்றார். அவர் கேட்டது என்றதும் வானுக்குள் இருந்த எல்லாருக்கும் கேட்டுவிட்டது. மறுநாள் சவுக்கஞ்சருகு அள்ள வந்த பெண்கள்தான் சப்ரானைக் கண்டார்கள். மரத்தில் சாய்ந்தபடி இருந்தானாம். உதடு வெடித்து, பல்லுக்கிடையில் விசில்.

பொலிசுக்கும் பள்ளிவாசலுக்கும் உம்மாவுக்கும் நோர்மன் ஒரே கதையைத்தான் சொன்னார். விசில் கேட்டதாம். அதற்குப் பிறகு பெடியன் தன்ரை பாட்டுக்குத் திரும்பிப் போயிருக்கவேண்டுமாம். ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, இடிந்த வீட்டைக் கட்டி நிமிர்ந்த குடும்பம் அது. பிள்ளையைப் பறிகொடுத்ததும் அல்லாமல், சொல்வழி கேளாதவனைப் பெற்றவர்கள் என்ற பெயரையும் சுமந்தது.

இன்றைக்கு அதற்குப் பலகை வேறு நடுகிறார்கள். வானின் பின்பக்கத்தில் அது படுத்துக் கிடந்தது. பச்சை நிறத்தில், ‘வரிசையை விட்டு விலகாதீர். மறைந்த தொண்டர் சப்ரான் நினைவாக.’

சஜீதாவின் காற்சட்டைப் பையில் நானாவின் விசில் இருந்தது. பொலிஸ் திருப்பிக் கொடுத்த அன்றே வேறொருவர் வாய் படக்கூடாது என்று அதன் வாயை ஒட்டு ரேப்பால் இறுக்கிச் சுற்றியிருந்தாள். கழகம் தந்த புதிய விசிலை வானிலேயே விட்டுவிட்டாள். இன்று அவள் ஊதப்போவதில்லை. மறுமொழி வராவிட்டால் இந்த மனிசன் என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டும். ‘கேட்டது’ என்று மறுபடி சொல்லட்டும், எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடிக்கலாம்.

நடை தொடங்கியது. தோப்புக்குள் சவுக்கு ஊசிகள் காலடியை விழுங்கின. காற்று மேலே மட்டும் ஓடியது. கீழே உப்பும் காய்ந்த பாசியும் மணத்தன. முன்னால் போனவர்களின் பேச்சு மெல்ல மெல்ல அடங்கி, மணலும் மூச்சும் மட்டும் மிஞ்சின.

முதல் மேட்டில் நோர்மனின் நீள விசில் கேட்டது. சஜீதா உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பின்னால் இரண்டு குட்டி விசில் கேட்டது.

நோர்மன் கையை அசைத்தார். வரிசை நகர்ந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை மணல். அதில் அவளுடைய காலடிகள் மட்டும் வளைந்து வந்தன. பையைத் தடவினாள். விசில் அங்கேயே இருந்தது, ரேப்பும் அப்படியே இருந்தது.

குயிலோ மைனாவோ என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு நடந்தாள். சிறிது தூரத்தில் வேறொரு சத்தம் சேர்ந்தது.

சர்… சர்…

பாரமான சாக்கை மணலில் இழுக்கும் சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் அதுவும் வந்தது. நானா முழங்காலுக்குப் பூசும் தைலத்தின் மணம், வெயிலில் இளகிய பிளாஸ்டிக் வாடையோடு கழுத்தடியில் வந்து மோதியது.

இரண்டாவது மேட்டிலும் நோர்மன் ஊதினார். இரண்டு குட்டி விசில் இம்முறை அவளுடைய காதுக்குப் பக்கத்தில் ஒலித்தது.

திரும்பினாள். அவளுடைய காலடிகளைக் காணவில்லை. அவற்றின் மேலால் அகலமான ஒரு இழுவைத் தடம் வந்து, அவள் குதிக்காலில் முட்டி நின்றது.

பயத்துக்கு மேலால் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளும் இவனை இந்த மணலில் இழுபட விட்டிருக்கிறார்களே.

பலகையை நட்ட இடத்தில் நோர்மன் பேசினார். கட்டுப்பாடு பற்றியும் தொண்டு பற்றியும் பேசி, அண்டைக்கு விசில் எங்கள் எல்லாருக்கும் கேட்டதுதானே என்று முடித்தார். தலைகள் ஆடின.

“இண்டைக்கும் கேட்டதோ, சேர்?” என்றாள் சஜீதா.

“ஓம் பிள்ளை. வடிவாக் கேட்டது.”

“நான் ஊதேல்லை.”

அவள் விசிலை எடுத்து நீட்டினாள். கழகச் செயலாளர் அனுஜா வாங்கிப் பார்த்தாள். ரேப்பின் விளிம்பை நகத்தால் கிளப்பப் பார்த்தாள், முடியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மரங்களுக்குள்ளிருந்து இரண்டு குட்டி விசில் வந்தது.

நோர்மனின் முகம் கறுத்தது. “ஆரோ பெடியள் பகிடி விடுறாங்கள். நீங்கள் வானுக்குப் போங்கோ. உவங்களைப் பிடிச்சுக்கொண்டு நான் பின்னாலை வாறன்” என்று சொல்லி, விறுவிறென்று தோப்புக்குள் இறங்கினார்.

அப்படிச் சொன்னதால் அன்றைய வால் தானே ஆகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

வானில் எல்லாரும் ஏறியாயிற்று. வெயில் தலைக்கு மேலே நின்றது. போன வருடம் நோர்மனின் சொல்லை நம்பி வானை எடுத்தவர் சிமியோன். அதற்குப் பிறகு, வாலின் மறுமொழி கேட்டது உறுதியாகாமல் திறப்பைத் திருப்பி வானைக் கிளப்புவதில்லை. ஆனால் அவருக்கு வலது காது மந்தம். அதனால் அனுஜா ஊதிவிட்டு, வாசலில் நின்ற சஜீதாவைப் பார்த்தாள்.

“சேர் ஊதினவரோ? உமக்குக் கேட்டதோ?”

ஒன்றுமே கேட்கவில்லை. காற்றுகூட நின்றுபோயிருந்தது.

ஓம் என்ற ஒரு சொல் போதும். வான் புறப்பட்டுவிடும். நாளைக்குச் சருகு அள்ள வருகிறவர்கள் கண்டுபிடிக்கட்டும். அந்தச் சொல் நாக்கில் இனித்தது. அவள் அதை விழுங்கினாள். இந்த மனிசன் செத்துப்போனால் உண்மையும் அவரோடு போய்விடும். அவர் வாயால் அது வெளியே வந்தாகவேண்டும்.

“கேக்கேல்லை. ஒருத்தரும் அசைய வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலோடு தனியே நடந்தாள்.

தேடவேண்டியிருக்கவில்லை. இழுவைத் தடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனது.

நோர்மன் ஒரு சவுக்கில் சாய்ந்து இருந்தார். இடுப்புவரை மணல். கொஞ்ச நேரத்துக்குள் உதடு வெடித்திருந்தது. பல்லுக்கிடையில் விசிலைக் கடித்துக்கொண்டு கன்னம் உப்ப ஊதினார், ஊதினார்.

சத்தமே வரவில்லை.

அவள் விசிலைப் பிடுங்கி எடுத்துத் தண்ணீரைப் பருக்கினாள்.

“ஊதி ஊதிப் பாத்தன் பிள்ளை” என்று கிசுகிசுத்தார். “ஒருத்தருக்கும் கேக்கேல்லையே.”

“அண்டைக்கு?”

அவர் கண் அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. “அண்டைக்கும் கேக்கேல்லை. நான்தான் கேட்டதெண்டு சொன்னனான்.”

“அதை வானிலை சொல்லுவியளோ?”

“சொல்லுறன். சத்தியமாச் சொல்லுறன்.”

சர் என்று எங்கோ மணல் சரிந்தது. அவருடைய கால்கள் விடுபட்டன.

வானுக்கு வந்து, குளிர்ந்த தண்ணீரும் விசிறலும் கிடைத்து, சுற்றிவர முகங்களைக் கண்டதும் நோர்மன் பழைய நோர்மனாகிவிட்டார். வெயில் மயக்கம் என்றார். தொப்பியின் அவசியம் பற்றிக்கூட ஒரு சொல் சொன்னார்.

“சொல்லுங்கோ சேர்” என்றாள் சஜீதா.

“என்னத்தைச் சொல்ல, பிள்ளை?”

வானுக்குள் எல்லாரும் யன்னல் வழியே வெளியே பார்த்தார்கள். போன வருடமும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள். அவள் நானாவின் விசிலைப் பையிலிருந்து எடுத்தாள். அதை உள்ளங்கையில் வைத்து நகம் பதிய அழுத்திக்கொண்டு இருந்தாள்.

“வால் ஏறீட்டுதோ?” சிமியோன் முன்னுக்கிருந்து கேட்டார்.

கடைசி ஆசனம் வெறுமையாக இருந்தது. அதிலிருந்து இரண்டு குட்டி விசில் கேட்டது.

ஒருவரும் திரும்பவில்லை. சிமியோன் கண்ணாடியில் பார்த்தார். துவாயால் முகத்தை ஒருமுறை துடைத்தார். வானை எடுத்தார்.

வழி நெடுக அந்த ஆசனத்திலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. சஜீதா பயப்படவில்லை. நானா வீட்டுக்கு வருகிறான் என்றுதான் நினைத்தாள். உம்மாவின் வாசலில் அவனோடு இறங்குவதை நினைத்துக்கொண்டே வந்தாள்.

மருதனார்மடத்தில், சந்தை கலைகிற நேரம், நோர்மன் இறங்கினார். வான் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பிறகு, ஒருவரும் இறங்காமலே, மறுபடி சாய்ந்து நிமிர்ந்தது.

தைலத்தின் மணம் அவளைக் கடந்து போனது.

“நானா, எங்கடை வீடு இன்னும் வரேல்லை” என்று அவள் மெல்லச் சொன்னாள்.

சர்… சர்…

மரக்கறிச் சாக்குகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவால், நோர்மனுக்குப் பின்னால், தார் வீதியில் வெள்ளை மணலாலான ஒரு கோடு நீண்டது. அவர் நின்றார். கோடும் நின்றது. கழுத்தை மட்டும் திருப்பப்போனவர், திருப்பாமல், வேலிகளுக்கு இடையில் போகும் தன் வீட்டு ஒழுங்கைக்குள் வேகமாக நுழைந்தார்.

கோடும் அவருக்குப் பின்னால் ஒழுங்கைக்குள் வளைந்தது.

அங்கிருந்து இரண்டு குட்டி விசில் கேட்டது. சிமியோனின் மந்தக் காதுக்கும் அது கேட்டது.