காவல்காரன் கேட்கும் கேள்வி

எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்ட அந்த அலுவலகத்துக்கு, நாள் தவறாமல் வந்து விளக்குப் போடுகிறவள் அவள் ஒருத்திதான். அன்றும் வந்தாள். கதவைத் திறந்ததும் ஏ.சி. குளிரும் பழைய கம்பள வாடையும் முகத்தில் அடித்தன. காலி நாற்காலிகளைத் தாண்டி, சர்வர் அறையை ஒட்டிய மேசையில் போய் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆள் இருந்தால்தானே.

அவள் எழுதிய நிரல் ஒன்று அந்த சர்வரில் திரைமறைவில் ஓடிக்கொண்டிருந்தது. வி.பி.என். என்ற பாதுகாப்பு இணைப்பு வழியாக வீட்டிலிருந்து வருகிறவர்களை உள்ளே விடுவதும் வெளியே அனுப்புவதும் அதன் வேலை. காவல்காரன் என்று அதற்குச் செல்லப் பெயர். அவ்வப்போது ஒவ்வொருவர் திரையிலும் 'இருக்கீங்களா?' என்று கேட்கும். 'இருக்கேன்' என்று தட்டினால் விட்டுவிடும். பதில் வராவிட்டால் இணைப்பை அறுத்துவிடும்.

அங்கேயே கணக்குப் பிரிவில் இருந்த அவள் கணவன், இந்த 'இருக்கீங்களா'வை வைத்து அவளைப் படாத பாடு படுத்துவான். "வீட்ல வாடா போடாதான். இங்க மட்டும் எங்கேருந்து வருது இவ்வளவு மரியாதை?"

இனி யார் கேலி செய்வது? நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவனுடைய மடிக்கணினியை அலுவலகத்தில் ஒப்படைத்தாயிற்று. உள்ளே நுழையும் அனுமதியை மட்டும் நீக்க அவளுக்குக் கை வரவில்லை. அவன் பெயர் அங்கேயாவது இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள்.

மதியம் மேலாளர் போனில் கூப்பிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. அவர் பேரு இன்னும் இருக்கு. இன்னைக்கு எடுத்துடுங்க."

"சரி சார்."

"இல்ல... இப்பவும் உள்ள இருக்கற மாதிரி காட்டுது. அதான் கேட்டேன்."

அவள் திரையைப் பார்த்தாள்.

அவன் பெயர்தான்.

இணைப்பு வந்திருந்த இடம், அவள் வீடு.

வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. எழுந்து போய் அலுவலகத்தின் இரும்பு அலமாரியைத் திறந்தாள். அவன் மடிக்கணினி தூசி படிந்து அங்கேயே கிடந்தது. திரும்பி வந்தபோது, திரையில் அவன் பெயருக்கு நேரே காவல்காரனின் வழக்கமான கேள்வியும் அதற்கு வந்த பதிலும் இருந்தன.

'இருக்கீங்களா?'

'இருக்கேன்.'

அவள் பயந்தாள்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. இப்படியே விட்டால் புத்தி பேதலித்துவிடும் என்று நினைத்தாள்.

"மன்னிச்சுக்கடா" என்று முணுமுணுத்தபடி அவன் அனுமதியை நீக்கினாள்.

பெயர் மறைந்தது. சர்வர் விசிறிகளின் இரைச்சல் ஒரு கணம் அடங்கி, திரும்ப வந்தது. மேசையில் தலை கவிழ்ந்து, அவனை எரித்துவிட்டு வந்த அன்றுகூட அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

நிமிர்ந்தபோது புதிதாக ஓர் இணைப்பு.

அவள் வீட்டிலிருந்து.

இந்த முறை அவள் பெயரில்.

அவளுடைய கடவுச்சொல் அவளைத் தவிர ஒருவனுக்குத்தான் தெரியும். தன் பெயரையும் நீக்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். விரல் விசையின் மேல் நின்றது. அதற்குள் அவள் திரையிலேயே ஒரு வரி வந்து விழுந்தது.

'இருக்கியா?'

அந்தச் சொல்லை அவள் நிரலில் எங்கும் எழுதவில்லை.

'இருக்கியா?'

பதில் சொல்லாவிட்டால் அறுந்துவிடும். அந்த விதியை எழுதியவளே அவள்தான். அறுந்த பிறகு இந்த அறையும், அந்த வீடும், இரண்டுக்கும் நடுவே பேச்சற்ற பேருந்துப் பயணமும்தான் மிச்சம்.

'இருக்கேன்டா' என்று தட்டினாள்.

பிறகு எழுத்து எழுத்தாக வந்தது.

'கதவைத் தொறந்து வச்சிருக்கேன். வா.'