பூனை செய்த தவம்

ஆக்லாந்து மழைக்கு நேரங்காலமே கிடையாது. குடை இல்லாத மனோஜ், குயின் ஸ்ட்ரீட்டில் திறந்திருந்த முதல் கதவுக்குள் ஓடி நுழைந்தான். உள்ளே பல்லவர் காலச் சிற்பங்களின் புகைப்படக் கண்காட்சி. கலை ஆர்வத்தில் வந்தவன் என்று அவனை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

சுவர் முழுக்க மாமல்லபுரத்துப் பாறை. அதன் முன்னால் நின்று, பதினைந்து பேருக்கு ஒரு பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். விரல்களோடு சேர்ந்து கண்களும் பேசின... என்ன கண்கள் அவை... மனோஜ் தலையைத் துவட்ட மறந்தான்.

"ஏழாம் நூற்றாண்டில செதுக்கினது. முனிவரைப் பாத்து ஒரு பூனையும் கையைத் தூக்கித் தவம் செய்யுது. வடிவாப் பாருங்கோ."

"பூனையை எப்படிங்க அழகா பாக்குறது?"

மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சத்தமாகவே கேட்டுவிட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கியது. அடுத்த வாக்கியத்திலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள்.

வாசல் மேசையில் இருந்த அவள் தோழி வித்தியா அவனை விடவில்லை. "வடிவா எண்டா எங்கட தமிழில கவனமா, நல்லா எண்டு அர்த்தம். பிரணவி சின்ன வயசில இங்க வந்தவள். சபைக்கு முன்னால தமிழில கதைக்கிறது இதுதான் முதல் தரம். மங்கரேக்கு வேலைக்குப் போற பஸ்ஸில ஒரு மாசமாப் பாடமாக்கினவள். பின்னேரமும் கதைக்க இருந்தவள், இனித் தமிழில மாட்டாளாம்."

மனோஜுக்குச் சுருக்கென்றது. வாய்க்கொழுப்பு... வேறென்ன? மழை விட்டும் அவன் போகவில்லை. அந்தப் படத்தின் முன் போய் நின்றான். வெகுநேரம் நின்றான். பிறகு அவளிடம் போனான்.

"ஏங்க..."

"யெஸ்?"

"நான் செங்கல்பட்டுக்காரன். அந்தப் பாறைகிட்ட பத்துத் தடவை போயிருக்கேன். போட்டோ எடுப்பேன், ஐஸ்கிரீம் சாப்பிடுவேன், வந்துருவேன். பூனையை இன்னைக்குத்தான் பாத்தேன். காலடியில எலிங்க விளையாடுது... நீங்க சொல்லலைன்னா ஜென்மத்துக்கும் பாத்திருக்க மாட்டேன். அர்த்தம் தெரியாம கிண்டலா கேட்டுட்டேன், மன்னிச்சிருங்க. தமிழ்லயே பேசுங்க."

"திரும்பவும் ஆரும் சிரிச்சா?"

"எழுந்து நின்னு, முட்டாள் நான்தான்னு சொல்றேன்."

அவள் உதட்டோரம் துடித்தது. சிரிப்பா, கோபமா... அவனுக்குப் பிடிபடவில்லை.

பிற்பகலில் பிரணவி தமிழில் பேசினாள். முதலில் தடுமாறினாள், பிறகு தண்ணீர் பட்ட பாடாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் மனோஜ், பள்ளிப்பிள்ளை மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் கலைந்ததும் தயங்கித் தயங்கி வந்தான்.

"அடுத்த சனிக்கிழமையும் வருவேங்க. சிற்பம் பாக்க இல்ல... உங்களைப் பாக்க. உங்களைப் பிடிச்சிருக்கு. இன்னும் கோவமா?"

அவள் கையிலிருந்த தாளை மடித்து வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நீங்கள் நனைஞ்சு வந்து நிக்கேக்கையே பாத்தனான்... உங்களுக்கு முன்னால நல்லாக் கதைக்கவேணும் எண்டு ஆசைப்பட்டன். வேற ஆரும் அப்பிடிக் கேட்டிருந்தா, எனக்கு இவ்வளவு நொந்திருக்காது."