நாற்பதாவது ஆற்றுகை

காலை ஏழரைக்குப் பணி மாறும்போது ஐந்தாம் தளத்துச் செவிலியர் அறையில் எப்போதும் வலிநிவாரணக் களிம்பின் வாசனை இருக்கும். ஜெபக்கனி மார்பைச் சுற்றிய சாம்பல் நிறத் தாங்குடையின் கொக்கிகளைக் கீழிருந்து மேலாக மாட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கொக்கி விலா எலும்பின்மேல் வரும். அதை மாட்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மார்ச் மாதம் அங்கே விழுந்த உதை இன்னும் ஆறவில்லை.

மும்தாஜ் அவளுடைய வலப்பக்கமாக வந்து நின்று பேசினாள். ஜெபக்கனிக்கு இடக்காது கேட்காது என்பது அந்தத் தளத்தில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

"என்னட்டி, முகமே சரியில்ல?"

"முப்பத்தொம்பது முடிச்சாச்சு. இன்னைக்கு நாலு மணிக்குள்ள ஒண்ணு வேணும்."

"எவனாவது செத்தாத்தான் ஒனக்குப் பட்டம். நல்லா இருக்குட்டி ஒன் வேண்டுதல்."

இருவரும் சிரித்தார்கள். மும்தாஜும் அதே மேற்படிப்பில் ஓராண்டு பின்னால் இருந்தாள். பதினொன்று முடித்திருந்தாள். அவளுடைய முன்பல் ஒன்று செயற்கை.

முத்துக்கரை உயர் மருத்துவமனையில் நோயாளிகளைத் தொடுவது பெரும்பாலும் மருத்துவக் கரங்கள்தான். கூரையிலிருந்து தொங்கும் அந்த இயந்திரங்கள் ஊசி போடும், வயிற்றைத் திறக்கும், தைக்கும், துடைக்கும். செவிலியர்கள் திரையைப் பார்த்துக் கையெழுத்திடுவார்கள், படுக்கையை நிமிர்த்துவார்கள், பயந்தவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவார்கள். மனிதச் செவிலி கட்டாயம் இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் சொன்ன வேலை ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. இறப்பைச் சொல்வது.

பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு ஒரே கோடையில் தென்மாவட்டங்களில் ஆறு மருத்துவமனைகள் இறந்தவர்களின் உறவினர்களால் அடித்து நொறுக்கப்பட்டன. ஒரு கரம் உடைந்தால் மூன்று வார்டுகள் நின்றுபோகும். அந்த மூன்று வார்டுகளிலும் ஆட்கள் செத்தார்கள். அவர்களுடைய உறவினர்கள் வந்து மிச்சமிருந்த கரங்களை உடைத்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் ஆற்றுகைச் சட்டம். பஞ்சு வைத்த சுவர்களோடு ஓர் அறை. நடுவில் மஞ்சள் சதுரம். சதுரத்தின்மேல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு செவிலி. இரண்டு உறவினர்கள் உள்ளே வரலாம். கதவு மூடியதிலிருந்து ஒன்பது நிமிடம் அவர்கள் என்ன செய்தாலும் வழக்குக் கிடையாது. ஆயுதம் கூடாது. ஒலியும் காட்சியும் பதிவாகாது. தாங்குடை மட்டும் விழும் அடிகளை எண்ணிக்கொள்ளும்.

சட்டம் வந்தபின் ஒரு கரம்கூட உடைபடவில்லை. அமைச்சர்கள் இதைப் புள்ளிவிவரத்தோடு சொல்வார்கள். பொய்யில்லை.

சதுரத்திலிருந்து இறங்க ஒரே வழி முதுநிலைச் செவிலியப் பட்டம். பட்டம் பெற்றவர்கள் நீலக்கரைச் சீருடை போட்டுக்கொண்டு, யார் எப்போது நிற்பது என்று பட்டியல் போடுவார்கள். அவர்கள் நிற்கவேண்டியதில்லை. ஜெபக்கனி மூன்று முறை விண்ணப்பித்தாள். படிவத்தில் பணி அனுபவத்துக்கு அடுத்த கட்டமே எலும்பு அடர்த்திச் சான்றிதழ்தான். மூன்றாம் முறை இடம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள், ஆறு நாள் வேலை, வாரத்துக்குப் பதினான்கு மணி நேர வகுப்பு. பேருந்தில் நின்றபடி பாடம் கேட்டாள். வலக்காதில் மட்டும்.

ஏட்டுப் படிப்பு அவளுக்குச் சிரமமாக இல்லை. 'துயர் எதிர்கொள்ளல்' தாளில் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் அவளுடையது. செய்முறைக்கு நாற்பது ஆற்றுகைகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஓர் அடியாவது தாங்குடையில் பதியவேண்டும். அடி விழாத ஆற்றுகை செல்லாது. அவளுக்குக் கெடு இன்று நாலு மணி. தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து.

மறுபடி நாற்பது என்பதை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. காது மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். தலையில் இன்னொரு பலமான அடி விழுந்தால் வலக்காதும் போகும்.

பகல் பத்தேமுக்காலுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வேலம்மாள், முப்பத்துநான்கு வயது. உப்புநீக்கு ஆலையில் குழாய் தூக்கும் கொக்கி அறுந்து அவள் மார்பில் இறங்கியிருந்தது. பன்னிரண்டரைக்குக் கரங்கள் ஒவ்வொன்றாகக் கூரைக்குத் திரும்பின. பெருந்தமனி கிழிந்திருக்கிறது, எந்த நேரத்தில் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க இயலாது என்று திரையில் வந்தது. ஜெபக்கனி படித்துக் கையெழுத்திட்டாள்.

ஒரு மணிக்கு ஆற்றுகை அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். இறந்தவளின் கணவன் இசக்கிராஜா, அதே ஆலையில் வேலை செய்பவன், தோள்கள் கதவை நிறைத்தன. பின்னால் அவளுடைய தம்பி லிங்கதுரை, ஒல்லியானவன். அக்காளைத் தன் ஆட்டோவில் கொண்டுவந்தவன் அவன்தான். சட்டை முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது.

கதவு மூடியது. சுவரில் ஒன்பது என்ற எண் ஒளிர்ந்தது.

ஜெபக்கனி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லவேண்டியதைச் சொன்னாள். லிங்கதுரை சுவரில் சரிந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டான். இசக்கிராஜா அவளை நோக்கி இரண்டு எட்டு வந்தான். அவள் தாடையை இறுக்கி, வலக்காதில் அடி விழாதபடி தலையை லேசாகத் திருப்பிக்கொண்டாள்.

அவன் கைகூப்பினான்.

"நீங்க என்னம்மா செய்வீக. உங்களால ஆனதச் செஞ்சீக."

"நீங்க... ஒங்க மனசுல உள்ளத..."

"வெளிய சொன்னாக, அடிக்கலாம்னு. ஒரு பொம்பளப் புள்ளைய அடிச்சா எம் பொஞ்சாதி திரும்பி வந்துருவாளா?"

எண் ஏழானது. ஆறானது. இசக்கிராஜா மைத்துனனின் அருகில் தரையில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். முப்பத்தொன்பது முறை நின்றிருந்த ஜெபக்கனிக்கு இப்படி ஒருவனைப் பார்ப்பது இதுதான் முதல்முறை. இன்று வேறு இறப்பு வரும் என்று உறுதியில்லை. நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். எண் ஐந்தானது.

'துயர் எதிர்கொள்ளல்' தாளில் பதினாறு மதிப்பெண் கேள்வி ஒன்று இருந்தது. உறவினர்களிடம் எக்காரணம் கொண்டும் சொல்லக்கூடாத வாக்கியங்கள் எவை, ஏன்? அவள் பதினாறுக்குப் பதினாறு வாங்கியிருந்தாள். அந்த விடையின் முதல் வாக்கியம் அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

"ஒரு இருவது நிமிசம் முன்னால கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாங்க."

சொன்னவர்மேல்தான் கோபம் பாயும் என்று பாடப்புத்தகம் சொல்லியிருந்தது. அவள் கண்களை மூடிக் காத்திருந்தாள். அடி விழவில்லை. கண்களைத் திறந்தபோது இசக்கிராஜாவின் கை மைத்துனனின் முதுகில் அசையாமல் நின்றிருந்தது.

"மாப்ள," என்றான் மெதுவாக. "பேட்டரி மாத்த நின்னியே."

"அத்தான், ஆறு நிமிசந்தான்... சார்ஜ் சுத்தமா இல்ல அத்தான்... பாதி வழியில நின்னுட்டா என்ன செய்ய..."

"நான் அப்பவே சொன்னேன். வேற வண்டி பிடிப்போம்னு சொன்னேன்லே!"

முதல் குத்து லிங்கதுரையின் மூக்கை உடைத்தது. சத்தம் ஜெபக்கனிக்கு வலப்பக்கத்திலிருந்து கேட்டது. அவன் எழ முயன்றபோது முழங்கால் வயிற்றில் இறங்கியது. சுவர்களுக்கெல்லாம் பஞ்சு வைத்திருந்தார்கள். தரைக்கு வைக்கவில்லை, அங்கே அடிவாங்குபவர் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார் என்பதால். இசக்கிராஜா அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கித் தரையில் அறைந்தான். "ஆறு நிமிசமா, ஆறு நிமிசமா" என்று ஒவ்வோர் அறைக்கும் கேட்டான். லிங்கதுரையின் குதிகால்கள் தரையை உதைத்தன. ஒரு செருப்பு கழன்று மஞ்சள் சதுரத்துக்கு வந்தது.

ஜெபக்கனியின் மணிக்கட்டில் அவசரப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் கதவு திறக்கும், காவலர்கள் வருவார்கள். தாங்குடையில் அடி பதியும்முன் அழுத்தினால் அந்த ஆற்றுகை செல்லாது. அவள் விரலைப் பொத்தான்மேல் வைத்தாள். அழுத்தவில்லை. மாறாக, சதுரத்தை விட்டு இறங்கி இருவருக்கும் நடுவே பாய்ந்தாள். இசக்கிராஜாவின் தோளைப் பற்றி இழுத்தாள். அவன் கவனிக்கவில்லை. மறுபடி இழுத்தாள். தலை மறுபடி தரையில் மோதியது, அதற்குள் சத்தம் மாறியிருந்தது, ஈரமாகி இருந்தது. மூன்றாம் முறை அவன் திரும்பாமலே முழங்கையைப் பின்னால் வீசினான். அது அவள் விலாவில், மூன்றாவது கொக்கியின் மேல் விழுந்தது.

தாங்குடை மெல்லிய மணியோசை எழுப்பியது.

அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.

நான்கு காவலர்கள் சேர்ந்து இசக்கிராஜாவைத் தூக்கினார்கள். அவன் கைகளைப் பார்த்துக்கொண்டே போனான். சட்டம் செவிலியை அடிப்பதற்குத்தான் அனுமதி தந்திருந்தது, மைத்துனனை அடிப்பதற்கு இல்லை. காவல்துறை விசாரணையில் ஜெபக்கனியிடம் ஒரு கேள்விதான் கேட்டார்கள். என்ன நடந்தது? "திடீர்னு கோபம் வந்துருச்சு," என்றாள். எழுதிக்கொண்டார்கள். பொத்தான் அழுத்திய நேரத்தை அவர்கள் கேட்கவில்லை. தாங்குடையில் பதிந்த அடி பொத்தான் அழுத்துவதற்கு முன்பே விழுந்தது, அதனால் செல்லும் என்று பல்கலைக்கழகம் மூன்றரை மணிக்குச் செய்தி அனுப்பியது.

"ஆளையும் காப்பாத்தப் பாத்து, பட்டமும் வாங்கிட்டா!" என்று மும்தாஜ் தளம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். யாரோ அல்வா வாங்கி வந்தார்கள். ஜெபக்கனி ஒரு துண்டை வாயில் போட்டு, குளியலறையில் போய்த் துப்பினாள்.

கரங்கள் லிங்கதுரையின் மண்டையோட்டை இரண்டு முறை திறந்தன. அவள் தினமும் திரையைப் பார்த்தாள். மூளையில் கசிவு ஏற்பட்ட நேரம் நொடிக்கணக்கில் அதில் இருந்தது. தாங்குடையின் நேரமும் அவளுக்கு மனப்பாடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரியாதவளல்ல அவள். அந்தக் கணக்கு அவளுடைய படிப்பிலேயே இருந்தது. கசிவு மணியோசைக்குச் சில நொடிகள் முந்தியிருந்தது.

நான்காம் நாள் அவளுக்கு நீலக்கரைச் சீருடை வந்தது. தாங்குடையைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்திட்டாள். அது இல்லாமல் உடம்பு எடையற்றிருந்தது. பகல் பதினொன்றுக்கு லிங்கதுரை இறந்தான். பட்டியல் போடுவது இனி அவள் வேலை. முறைப்படி அடுத்தவள் மும்தாஜ்.

"யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள் மும்தாஜ், கொக்கிகளை மாட்டியபடி.

"அம்மா. தனியா."

"ரெண்டு பேருக்கும் அம்மாவா?" மும்தாஜின் கை நின்றது. "யா அல்லா. மக செத்து நாலு நாள் ஆகல, மருமகன் ஜெயில்ல, இப்ப இவன். அந்தப் பொம்பள என்னைக் கொன்னே போட்டுரும்ட்டி."

"நீ போவேண்டாம். நான் போறேன்."

"கோட்டியா ஒனக்கு? நீ நிக்கவே கூடாது. நின்னாலும் எதுலயும் சேராது."

"சேர வேண்டாம்."

"சரி, இதையாவது போட்டுட்டுப் போ." மும்தாஜ் தன் தாங்குடையைக் கழற்றத் தொடங்கினாள். ஜெபக்கனி அதற்குள் நடைபாதையில் இருந்தாள்.

லிங்கதுரையின் அம்மா பேச்சித்தாய்க்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். உப்பளத்தில் உழைத்து இறுகிய கைகள். உள்ளங்கால்களில் வெடிப்பு. அவள் அழுது முடித்தவளாக இருந்தாள். கதவு மூடியது. சுவரில் ஒன்பது ஒளிர்ந்தது. ஜெபக்கனி மஞ்சள் சதுரத்தின்மேல் நின்று, சொல்லவேண்டியதைச் சொன்னாள். பேச்சித்தாய் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"ஊர்ல எல்லாரும் பேசுதாக தாயி," என்றாள். "எம் மவன் வண்டிய வழியில நிறுத்தித்தான் அக்காள சாவக்குடுத்தான்னு. எழவு வீட்டுல என் முகத்துக்கு நேரயே சொல்லுதாக. அவன் அவள எப்படித் தூக்கி வளத்தவன் தெரியுமா... இல்ல, அவதான் இவனத் தூக்கி வளத்தா. ஒரே ஒரு விசயம் மட்டும் எனக்குத் தெரியணும். அவன் லேட்டாத்தான் கொண்டாந்தானா?"

பட்டம் பெற்றவளுக்கு விடை தெரியும். உறுதிப்படுத்தப்படாத தகவலைத் தவிர்க்கவும், வருத்தம் தெரிவிக்கவும், தண்ணீர் தரவும். கதவுக்கு வெளியே யாருக்கும் எதுவும் கேட்காது.

"இல்லம்மா," என்றாள் ஜெபக்கனி. "அவர் சரியான நேரத்துக்குத்தான் கொண்டு வந்தார். இந்த ஆஸ்பத்திரி வாசல்லயே அடிபட்டிருந்தாலும் உங்க மக பொழச்சிருக்க மாட்டாங்க. லேட்டுன்னு சொன்னது நான். பொய் சொன்னேன்."

பேச்சித்தாய் அவளையே பார்த்தாள்.

"நீயா?"

"நாந்தான்."

"எதுக்கு?"

ஜெபக்கனி பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்துப் பக்கவாட்டில் தொங்கவிட்டாள்.

"படிப்புக்கும்மா."

பேச்சித்தாய் மெல்லத் தலையாட்டினாள், ஏதோ ஒரு விலாசத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டவளைப்போல. பிறகு கையிலிருந்த துணிப்பையைச் சுவரோரமாக வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

சுவரில் இன்னும் ஏழு நிமிடம் மீதி இருந்தது.